கயிறும் கேரியரும்

எங்கள் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பவரின் கயிற்றை மைத்துனர் பிடிப்பதே அந்நாளில் வழக்கமாக இருந்தது என்பார்கள். பிடி தவறினால் உயிர் போய்விடும்; கற்றுக்குட்டிக்கு அங்கே இடமிருக்கவில்லை. அந்த நியாயத்தை எல்லாவற்றுக்கும் நீட்டித்தான், 'முழுசாகக் கற்றுக்கொண்டு வா' என்று பெண்களைக் காக்கவைத்தார்கள்.

1991இல் தொடங்கிய புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்துப் பெண்கள் காத்திருக்கவில்லை. சைக்கிள் பழகிய கையோடு, இன்னொருத்தியின் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பயம் எந்த வளைவில் வரும் என்பது புதிதாகப் பழகியவளுக்கு இன்னும் மறக்கவில்லை; பல்லாண்டு ஓட்டியவருக்கு மறந்திருக்கும். விழுந்தாலும் முழங்கால் சிராய்ப்போடு போகும்.

ஆகவே, கற்பிக்குமுன் கேட்கவேண்டியது 'எனக்கு எல்லாம் தெரியுமா?' என்பதல்ல. நான் தவறினால் அவளுக்கு என்ன ஆகும்? தெரியாததைத் தெரியாது என்று அவளிடம் சொல்வேனா? 15 ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற பிறகும் எனக்கு இரண்டாவது கேள்விதான் கடினம்.