இரண்டு கணக்குகள்



வவுனியா நகரை அடுத்துள்ள விமான ஓடுதளத்தை நம்மில் பலர் அறிவோம். அது நமது நாட்டுப் போரோடு பிறந்ததென்று இளையவர்கள் எண்ணுகின்றார்கள். அது இரண்டாம் உலகப் போரின் பிள்ளை. 1942 சித்திரை 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு காலையில், யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின் திருகோணமலையைத் தாக்கின. அந்தப் போர்க்காலத்திலே பிரித்தானியர் இங்கு ஓடுதளம் அமைத்தனர். 1943, 1944ஆம் ஆண்டுகளில் அவர்களுடைய வான்படையின் 22ஆம், 217ஆம் அணிகள் இங்கே தங்கியிருந்தன. எதிரிக் கப்பல்களைத் தாக்குவதற்கென அவை காத்திருந்தன. அந்தப் பெருங் கடற்படையோ மீண்டும் இலங்கையை நோக்கி வரவில்லை.

இப்படி எங்கோ நடந்த போரின் ஒரு நுனி நம் வன்னி மண்ணிலும் ஊன்றியிருந்தது. அப்போர் முடிவை நெருங்கிய மாதங்களில், ஒவ்வொரு நாளும் பல களங்களிலிருந்து செய்தி வந்தது. எந்த ஊர் வீழ்ந்தது, எத்தனை கப்பல் மூழ்கியது, எத்தனை விமானம் திரும்பவில்லை என்று படைத் தலைமையகங்கள் அறிக்கை விட்டன. பத்திரிகைகள் அவற்றை அச்சிட்டன. வானொலி வாசித்தது. மக்கள் உணவருந்திக்கொண்டே கேட்டனர்.

அந்த நாட்களில் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 1945 ஆவணி 9, வியாழக்கிழமை. ஐரோப்பாவில் போர் முடிந்து மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. கிழக்கிலோ அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அன்று நள்ளிரவு கடந்ததும், பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் படையினர் மூன்று பக்கங்களிலிருந்து மஞ்சூரியாவுக்குள் நுழைந்தனர். நியூகினித் தீவிலும் பூகன்விலிலும் அவுஸ்திரேலியர் இன்னும் போரிட்டுக்கொண்டிருந்தனர். பிலிப்பைன்ஸ் மலைகளில் சண்டை ஓயவில்லை. யப்பானின் ஒனகாவா குடாவில், கனடா நாட்டு விமானி ரொபேட் ஹம்டன் கிறே ஒரு போர்க் கப்பலை மூழ்கடித்துத் தாமும் மாண்டார். முற்பகல் 11 மணி 2 நிமிடத்துக்கு நாகசாகி நகரின் மேல் அணுகுண்டு வெடித்தது.

அந்தக் குண்டு முதலில் கொக்குரா நகருக்கென்றே கொண்டுசெல்லப்பட்டது. அங்கே நிலம் தெளிவாகத் தெரியவில்லை. எனவே விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. அன்று வெளியான படை அறிக்கை மிகச் சுருக்கமானது. அணுகுண்டு இரண்டாம் தடவை பயன்படுத்தப்பட்டது, நல்ல பலன் கிடைத்ததாக விமானிகள் தெரிவிக்கின்றனர் என்பது அதன் சாரம்.

நல்ல பலன்! அன்பானவர்களே, அந்த இரண்டு சொற்களின் கீழே யார் இருந்தார்கள் என்பதைச் சற்றே பார்ப்போம்.

குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய அரை மைல் தூரமும் இல்லாத இடத்தில் உறக்காமி மாதா பேராலயம் இருந்தது. அதன் மக்கள் நமக்கு அந்நியரல்லர். 1544இல் மன்னார் மக்களுக்கு விசுவாசத்தை அறிவிக்கக் குருவானவரை அனுப்பிய அதே புனித சவேரியார்தாம், 1549 ஆவணி 15ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, யப்பானில் கால் வைத்தார். மன்னாரில் விசுவசித்தோர் வாளுக்கு இரையாயினர். யப்பானிலும் அப்படியே நடந்தது. ஒல்லாந்தர் காலத்திலே நம் முன்னோர் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் ஒளித்தனர். அவர்களோ இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குருவுமின்றி, பூசையுமின்றி, தாய் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த செபத்தாலேயே விசுவாசத்தைக் காத்தனர். 1865இல் நாகசாகிக்கு வந்த குருவானவர் ஒருவரிடம் தாங்களாகவே வந்து தங்களை வெளிப்படுத்தினர். அதற்காக மீண்டும் நாடுகடத்தப்பட்டனர். திரும்பி வந்த ஏழைகள் கட்டிய ஆலயம் அது. 1895இல் தொடங்கிய வேலை, கோபுரங்களோடு முற்றுப்பெற 1925 ஆயிற்று.

1945 ஆவணி 9ஆம் நாள் அங்கு என்ன நடந்துகொண்டிருந்தது? ஆறு நாட்களில் மாதாவின் திருநாள். அதற்கு ஆயத்தமாக மக்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்திருந்தனர். இரு குருக்கள் ஆலயத்தில் இருந்தனர். மடுத் திருவிழாவுக்கு முன்னே நாம் வரிசையில் நிற்பதைப் போலவே அவர்களும் நின்றனர். அந்த ஆலயத்தில் இருந்த எவரும் பிழைக்கவில்லை. உறக்காமியில் வாழ்ந்த ஏறக்குறைய 12,000 கத்தோலிக்கரில் 8,500 பேர் அழிந்தனர் என்று சொல்லப்படுகிறது. ஆறாம் நாள் மாதாவின் திருநாள் வந்தது. அன்றுதான் யப்பானிய மன்னர் சரணடைவை வானொலியில் அறிவித்தார். அதைக் கேட்க அந்த வரிசையில் நின்றவர்கள் இல்லை.

எதிரி எறிந்த குண்டு என்று நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. குண்டு வீசிய அணி புறப்பட்ட தீனியன் தீவிலே ஒரு கத்தோலிக்கக் குருவானவர் படைப் பணியாளராக இருந்தார். அவர் பெயர் யோர்ஜ் சபெல்கா. அந்த விமானிகளுக்கு அவர் தேவதிரவிய அனுமானங்களை வழங்கினார். நகரங்களின் மேல் குண்டு வீசுவது பாவமென்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. பல ஆண்டுகளின் பின்னரே அந்த மௌனம் அவரைச் சுட்டது. பின்னாளில் யப்பானுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டார். குருவாகிய நான் இதை எழுதும்போது என் கை தயங்குகின்றது. சொல்ல வேண்டிய வேளையில் சொல்லாதிருந்த மேய்ப்பர்களை ஆண்டவர் விசாரிப்பார் அல்லவா?

இனி வேதாகமத்துக்கு வருவோம். தாவீது அரசர் ஒருமுறை மக்கள் தொகையை எடுக்கக் கட்டளையிட்டார். வாளேந்தக்கூடிய ஆண்களே அதில் எண்ணப்பட்டனர். வேண்டாமென்று படைத்தலைவன் யோவாபே தடுத்தான். அரசர் கேட்கவில்லை. இஸ்ராயேலில் எட்டு இலட்சம், யூதாவில் ஐந்து இலட்சம் என்று கணக்கு வந்தது. வந்த பின்னரே, தாம் பெரும் பாவம் செய்ததாகத் தாவீதின் நெஞ்சு அவரைக் குத்தியது. எண்ணுவது பாவமா? இல்லை. மனிதனைப் போருக்கு உதவும் பொருளாக எண்ணியதே பாவம்.

நம் ஆண்டவரோ வேறொரு கணக்கைச் சொல்லித் தந்தார். நூறு ஆடுகளில் ஒன்று குறைந்ததும் ஆயன் அறிந்துகொள்கிறான். தொண்ணூற்றொன்பது இருக்கின்றனவே என்று அவன் திருப்தியடையவில்லை. தேடிப் போகின்றான்.

ஒன்று படைத் தலைமையகத்தின் கணக்கு. மற்றது ஆயனின் கணக்கு. உலகில் என்றும் இந்த இரண்டுமே உள்ளன.

முந்திய கணக்கில் இடமே பெறாத நம்மவரும் உண்டு. அதே போரில் யப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீற்றர் நீளமான இரயில் பாதையை அமைத்து 1943 ஐப்பசியில் முடித்தனர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் அதற்கெனக் கொண்டுசெல்லப்பட்டனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் ஆயிரமாயிரமாய் மாண்டனர். அங்கே இறந்த போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாய் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கின்றது. அது நன்று. ஆனால் நம் தமிழ்க் கூலியாட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை வரிசை கிடையாது. அவர்களும் யாரோ ஒரு தாய் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைகள்.

தூரத்துக் கதையை நிறுத்திவிட்டு, நம் வீட்டுக்கு வருவோம்.

எங்கள் போரின் நாட்களில் நான் சிறுவன். மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்போம். நாளுக்கு நாள் களமுனைச் செய்தி வரும். மற்றப் பக்கத்தில் எத்தனை பேர் என்று கேட்கவே என் காது விழித்திருக்கும். எண் பெரிதானால் கைதட்டியிருக்கின்றேன். செய்தி முடிந்ததும் அம்மம்மா செபமாலைக்கு அழைப்பார். கடைசியில், இன்றைக்குச் செத்த எல்லாருக்குமாக ஒரு பரலோக மந்திரம் என்பார். “எங்கட ஆக்களுக்குத்தானே அம்மம்மா?” என்று ஒருநாள் கேட்டேன். “பேசாமல் சொல்லடா தம்பி” என்றார். அன்று அதை வேண்டாவெறுப்பாகவே சொன்னேன். குருமடத்தில் பல ஆண்டுகள் இறையியல் படித்த பின்னரே, அவர் எனக்கு எதைப் படிப்பித்தார் என்பது விளங்கியது.

பிறகு 2009 வந்தது. இரு தரப்பு அறிக்கைகளிலும் வராத மக்கள் ஒரு கடற்கரைத் துண்டிலே அடைபட்டனர். தப்பி வந்தோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். அப்போது ஒரு மேய்ப்பர் எண்ணத் தொடங்கினார். மன்னார் ஆயர் மேதகு இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 தை மாதம், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஐப்பசியில் கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் இருந்தோர் 429,059. அரசாங்கப் பகுதிக்கு வந்தோர் 282,380. மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அவர் 2021 சித்திரை 1ஆம் நாள் இறைவனடி சேரும்வரை அந்தக் கேள்விக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை. அவர் கேட்டது அரசியல் என்று சிலர் சொன்னார்கள். நூறில் ஒன்று எங்கே என்று கேட்ட ஆயனின் கேள்விதான் அது. 2017 மாசி தொடக்கம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் படங்களோடு அமர்ந்த தாய்மாரின் கேள்வியும் அதுவே. அவர்களுள் பலர் பதிலைக் காணாமலே கண் மூடினார்கள்.

ஆகவே, அன்பானவர்களே, நாம் செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, போர்ச் செய்தி கேட்டு மகிழ்ந்த பாவத்தை நாம் பாவமென்று ஏற்றுக்கொள்வோம். இந்தத் திருவிழாவுக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொல்வோம். மற்றப் பக்கத்துத் தாயின் பிள்ளை செத்ததை நாமும் நல்ல பலன் என்று கொண்டாடியதுண்டு.

இரண்டாவது, நம் வீட்டிலும் அயலிலும் இறந்தோர், காணாமற் போனோர் பெயர்களை ஒரு கொப்பியில் முழுதாய் எழுதி வைப்போம். பிறந்த ஊரையும் ஞானஸ்நானப் பெயரையும் எழுதுவோம். அறிந்தவர்கள் இருக்கும்போதே எழுதுவோம். பின்பு எழுத ஆளிராது.

மூன்றாவது, இன்றும் உலகில் போர் நடக்கின்றது. நம் பிள்ளைகள் அதைக் கைத்தொலைபேசியில் விளையாட்டுப் போலப் பார்க்கின்றார்கள். செய்தி முடிந்ததும் அவர்களை அருகில் இருத்தி, இன்றைக்கு இறந்த எல்லாருக்குமாக ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள் நிறை மந்திரமும் சொல்லுங்கள். எங்கட ஆக்களுக்கா என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும். பேசாமல் சொல்லச் சொல்லுங்கள். ஒருநாள் விளங்கும்.

உறக்காமி வரிசையில் நின்றவர்களையும், சயாம் காட்டில் விழுந்தவர்களையும், நம் மணலில் மறைந்தவர்களையும் பெயர் பெயராய் அறிந்த நல்லாயன், மடு அன்னையின் மன்றாட்டால் நமக்கும் அந்தக் கணக்கைக் கற்றுத் தருவாராக.

ஆமென்.