மறைத்தலும் ஒரு தொழில்

"அக்கா, ஒருத்தர் பேசினதுல பாதிய வெட்டிட்டு மீதிய ஒட்டினா, அது பொய்தானே?"

தென்காசிப் பக்கத்துப் பெண் கேட்டாள். புணேயில், கோத்ரூட் வீட்டிலிருந்தபடி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறேழு பேருக்குக் கணினி வழியாகத் தமிழில் படத்தொகுப்பு சொல்லிக்கொடுக்கிறேன். மென்பொருள் கற்க இந்தப் பிள்ளைகளுக்கு நான் தேவையில்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பை இறக்கிக்கொள்கிறார்கள். அதைத் தயாரிக்கும் நிறுவனமே பயிற்சிப் புத்தகங்களையும் இலவசமாகத் தருகிறது. போனைத் திறந்தால் தமிழிலேயே பாடங்கள் கிடைக்கின்றன. எந்தப் பொத்தான் எதற்கு என்று என்னைவிட வேகமாகச் சொல்வார்கள். அவள் கேட்டது வேறு. அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

1994-ல் நான் படத்தொகுப்புப் படிக்க இந்த ஊருக்கு வந்தேன். லா காலேஜ் சாலையிலுள்ள திரைப்படக் கல்லூரி 1960-ல் தொடங்கியது. அதற்கு முன் அந்த இடம் பிரபாத் ஸ்டூடியோ. கோலாப்பூரிலிருந்து 1933-ல் இங்கே வந்த பிரபாத் கம்பெனி, மராத்திய பக்திக் கவி துக்காராமைப் பற்றிய 'சந்த் துக்காராம்' படத்தை 1936-ல் எடுத்தது இந்த வளாகத்தில்தான். தாம்லேயும் பத்தேலாலும் இயக்கிய அந்தப் படம் அடுத்த ஆண்டு வெனிஸ் விழாவில் பாராட்டுப் பெற்றது.

எங்களுக்கு ஃபிலிம் தொகுக்கும் ஸ்டீன்பெக் மேஜை. கையில் வெள்ளைக் கையுறை. ஃபிலிமை ஸ்பிளைசரில் வைத்து வெட்டி, டேப் போட்டு ஒட்டுவோம். வெட்டி எடுத்த துண்டு டிரிம். அதைத் துணிப்பை கட்டிய தொட்டியின் மேல், கொக்கியில் மாட்டி, எண் எழுதி வைப்போம். இரண்டு ஃபிரேம் அளவே உள்ள டிரிம் ஒன்றைத் தரையில் விட்டதற்காக எங்கள் ஆசிரியர் ஒரு மாலை முழுக்க என்னைத் தேடவைத்தார். நகத்தளவுத் துண்டுக்கா இத்தனை பாடு என்று அழுகை வந்தது.

அதே கல்லூரியில்தான் இன்னொன்றையும் தெரிந்துகொண்டேன். புரொஜெக்டரில் ஒவ்வொரு ஃபிரேமும் நகரும்போது ஷட்டர் ஒளியை மறைக்கிறது. படம் துடிக்காமல் தெரிவதற்காக நடுவில் இன்னொரு முறையும் மறைக்கிறது. இரண்டு மணி நேரம் படம் பார்த்தால் அதில் ஏறக்குறைய பாதி நேரம் திரை இருட்டாகவே இருக்கிறது. அந்த இருட்டு இல்லையென்றால் படம் ஓடாது. கோடாக இழுத்துக்கொண்டு போகும். இதைக் கேட்ட அன்று எனக்கு என் அப்பத்தா ஞாபகம் வந்தது.

அப்பத்தா திருநெல்வேலியில், நெல்லையப்பர் கோயில் தெருவில் வாழ்ந்தவள். கோயிலின் தாமிர சபை முன் என்னை நிறுத்தி, ஆடும் நடராசரைக் காட்டி, சிவனின் ஐந்தொழிலைச் சொல்லித்தந்தாள். உடுக்கை ஏந்திய கை படைத்தல். அபயக் கை காத்தல். நெருப்பு ஏந்திய கை அழித்தல். தூக்கிய கால் அருளல். ஊன்றிய கால் மறைத்தல். சாமி எதுக்கு ஆத்தா மறைக்கணும் என்று கேட்டேன். "எல்லாத்தையும் ஒரேயடியாக் காட்டுனா நீ தாங்க மாட்டட்டீ" என்றாள். ஊன்றிய காலில்தான் முழுப் பாரமும் நிற்கிறது என்பதை நான் கவனிக்க வெகு காலம் ஆயிற்று.

மறைத்தலை எல்லாச் சமயத் தத்துவமும் இப்படி மதிக்கவில்லை. அத்வைதத்தில் ஆவரணம், அதாவது மறைப்பு, அறியாமையின் வேலை. நீங்க வேண்டிய திரை. சைவ சித்தாந்தமோ மறைத்தலை இறைவனின் தொழிலாகவே வைத்தது. உயிரின் அறிவை ஆணவம் என்ற மலம் ஏற்கெனவே மூடியிருக்கிறது. இறைவனின் மறைக்கும் ஆற்றலான திரோதான சத்தி உயிருக்கு உண்மையை உடனே காட்டாமல், உலகத்தைக் காட்டி, பட்டுப் பட்டு மலம் பழுக்கும்வரை கொண்டுபோகிறது. மலத்தோடு சேர்ந்து வேலை செய்வதால் அந்தச் சத்தியையும் உபசாரமாக மலம் என்றே சொல்வார்கள். பழுத்தபின் அதே சத்தி அருளாக மாறுகிறது. மறைத்ததும் காட்டியதும் ஒரே கை.

என் தொழிலில் இதற்கு நேரெதிரான ஒன்றும் உண்டு. ரஷ்யாவில் குலேஷோவ் என்ற இயக்குநர், மொசூகின் என்ற நடிகரின் ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். முகம் மாறவே இல்லை. ஒட்டு அவ்வளவு வலியது. ஒரு செய்தித் தொலைக்காட்சிக்கு வேலை செய்த காலத்தில், ஒரு விபத்தைப் பற்றிப் பேசிய தந்தையின் பேச்சில், வேறு ஊரில் வேறு நாளில் அழுத ஒரு பெண்ணின் முகத்தை ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். ஒளிபரப்பானது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது பொய். இன்றுவரை அதை வேறு பெயரால் அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு வாரி யாத்திரையைப் பற்றி ஓர் ஆவணப்படம் தொகுத்தேன். தேஹுவிலிருந்து துக்காராமின் பல்லக்கும், ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரின் பல்லக்கும் பண்டரிபுரத்துக்குப் போகும் வழியில் புணேயில் தங்கும். நானா பேட்டையில் துக்காராம் பல்லக்கு இறங்கும் கோயிலருகே, தலையில் துளசி மாடம் சுமந்து வந்த ஒரு கிழவி அதை இறக்கிவைத்துவிட்டு உட்காருகிறார். கேமராவை நிறுத்த மறந்துவிட்டார்கள். நாலு நிமிடம். சேலைத் தலைப்பில் முடிந்த காசை எண்ணுகிறார். பாதியில் நிறுத்தி, செத்துப்போன மகனின் பெயரைச் சொல்லி அழுகிறார். யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே.

படத்தில் இதுதான் உயிர் என்றார்கள். நான் அழுகையை எடுத்துவிட்டேன். மாடத்தின் விளிம்பைப் பிடித்திருக்கும் கையை மட்டும் பதினோரு வினாடி வைத்தேன். முதலில் அந்த அம்மாவுக்காக மறைத்தேன் என்றுதான் நினைத்தேன். திரையிட்ட அன்று கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து, "அந்தக் கை ஏன் அப்படி இறுக்கிப் பிடிச்சிருந்தது?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அரங்கில் யாரும் பேசவில்லை. அழுகையைக் காட்டியிருந்தால் அவளும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். மறைத்ததால் தேடினாள். தொலைக்காட்சியில் நான் ஒட்டிய கண்ணீர் யாரையும் எதையும் தேடவைக்கவில்லை.

தென்காசிப் பெண்ணுக்கு இதைத்தான் சொன்னேன்: வெட்டியதால் மட்டும் பொய்யாகாது, இல்லாததைக் காணவைத்தால் பொய். இருப்பதைத் தேடவைத்தால் அது மறைத்தல்.

அவள் விடவில்லை. "அரசாங்கமும் சேனல்களும் மறைக்கிறதையும் இப்படித்தானே சொல்லிக்குவாங்க?" சரியான கேள்வி. இறைவனுக்குக் கூலி கிடையாது, எனக்கு உண்டு. மறைப்பதில் லாபம் உள்ளவன் அருள் என்று பேசக் கூடாது. அதனால் எனக்குச் சாட்சி தேவைப்படுகிறது. அந்தச் சாட்சி டிரிம்தான். ஆசிரியர் ஏன் ஒரு மாலை முழுக்கத் தேடவைத்தார் என்று இப்போது புரிகிறது. மறைத்தது எங்கோ இருக்கும்வரைதான் அது மறைத்தல். அதையும் தொலைத்தால் அழித்தல், அது வேறு தொழில். ஊன்றிய காலின் வேலையல்ல.

தொலைந்தது திரும்பி வந்த கதையும் இங்கே உண்டு. துக்காராமின் ஏடுகளை இந்திராயணி ஆற்றில் போட்டார்கள். பதின்மூன்று நாள் கழித்து நனையாமல் திரும்பின என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. ஃபிலிமுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 2003 ஜனவரியில் பழைய பிரபாத் வளாகத்துப் பெட்டகத்தில் தீப்பிடித்து, நம் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் எரிந்தன. சென்னை நடராஜ முதலியார் இதே புணேக்கு வந்து, ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் கேமராத் தொழிலைக் கற்றுப்போய், 'கீசக வதம்' எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம் அது. இன்று அதன் ஒரு பிரதியும் இல்லை.

இணையத்தில் கற்கும் பிள்ளைகளே, டைம்லைனில் வெட்டும்போது மூலக் கோப்பு அப்படியே இருக்கிறது. வேலை முடிந்ததும் இடம் போதவில்லை என்று அதை அழித்துவிடாதீர்கள். தேதி, ஊர், எடுத்தவர் பெயர் எழுதி, இரண்டு பிரதியாக இரண்டு இடத்தில் வையுங்கள். அந்த நாலு நிமிடமும் அப்படித்தான் என்னிடம் இருக்கிறது.