வியாதி மெய், சீட்டு பொய்

ஒரு பொய்யைக் குறித்து உங்களுக்கு எழுதுகிறேன். அது பொய்தானா என்று எனக்கே முதலில் விளங்கவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். மூன்று நாள் கடுங்காய்ச்சல், கூடவே இருமல். எழும்பவே முடியவில்லை. நாலாம் நாள் ஆபீசிலிருந்து போன்: "மெடிக்கல் சர்டிபிகேட் இல்லாம லீவு கிடையாதுங்க." கூட வேலை செய்கிற தம்பி ஒருவர், "இதுக்குப் போய் கிளினிக்ல டோக்கன் வாங்கிட்டு உக்காருவீங்களாண்ணே? ஆன்லைன்ல பணத்தைக் கட்டுங்க, போனுக்கே வந்துடும்" என்றார். கட்டினேன். எந்த டாக்டரும் என்னிடம் பேசவில்லை. எத்தனை நாள் வேண்டும், என்ன வியாதி, இவ்வளவே கேள்வி. வியாதியை நானே பட்டியலில் தொட்டுக் காட்டினேன்!

வந்த சீட்டை வாசித்தேன். நேரில் கவனமாய்ப் பரிசோதித்துச் சான்று அளிப்பதாக இங்கிலீஷில் எழுதி, கீழே கையெழுத்து. என் காய்ச்சல் மெய். அந்த ஒரு வரி பொய். அதற்குப் பணம் கொடுத்தவன் நான்.

போனில் வைத்தியம் பார்ப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். 2020 மார்ச் 25-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, பதிவு பெற்ற டாக்டர் வீடியோவிலும் போனிலும் விசாரித்து மருந்து எழுதலாம். படுக்கையாய்க் கிடப்பவருக்கு அது பெரிய உதவி. ஆனால் நேரில் வரச் சொல்ல வேண்டுமா என்று தீர்மானிக்கிறவர் டாக்டர். என் காரியத்தில் தீர்மானிக்க ஆளே இல்லையே! 2002-ம் வருஷத்து மருத்துவ கவுன்சில் விதிகள், சான்றிதழில் நோயாளியின் கையெழுத்தோ கைரேகையோ, விலாசம், ஓர் அங்க அடையாளம் எல்லாம் இருக்க வேண்டும் என்கின்றன. மச்சத்தைக் குறிக்க ஆளைப் பார்க்க வேண்டாமா? லேவியராகமத்திலும், குஷ்டரோகி சுகமானானா என்று அறிய ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே போய்ப் பார்க்கிறான். ஆள் விட்டு விசாரிக்கவில்லை.

சாயங்காலம் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் முதுகில் நாலைந்து இடத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்து, "மூச்சை நல்லா இழுங்க" என்றார். பிறகு, "எங்க வேலை?" பீங்கான் கம்பெனி என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "தூசியிலயா? எத்தனை வருஷமா?" அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கித் தழும்பாகும். சிலிக்கோசிஸ் வந்துவிட்டால் அந்தத் தழும்பை ஆற்ற மருந்தில்லை. காசநோயும் எளிதில் பற்றும். எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். போனில் வந்த பட்டியலில் 'எங்கே வேலை' என்ற கேள்வியே இல்லை.

(நாள்கூலிக்குப் போகிற அநேகருக்குச் சீட்டும் இல்லை, லீவும் இல்லை. வராத நாளுக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான். தூசி மாத்திரம் அதே தூசி.)

"போன மூணு நாளுக்கும் சேர்த்து எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டேன். "நான் பார்க்காத நாளுக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடுறது?" என்றார். அன்றிலிருந்து இரண்டு நாளுக்கு மட்டும் எழுதினார். போனில் வந்த சீட்டை நான் ஆபீசில் கொடுக்கவில்லை. மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். எக்ஸ்ரேயில் இப்போதைக்கு ஒன்றுமில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.