தாழ்ந்த கை

2011 செப்டம்பர் 17 அன்று லாஸ் வேகாஸில் நடந்த உலக வெல்டர்வெயிட் பட்டப் போட்டியின் நான்காவது சுற்றில், விக்டர் ஒர்டிஸ் எதிராளி ஃப்ளாய்ட் மேவெதரைத் தலையால் முட்டினார். நடுவர் ஜோ கார்ட்டெஸ் ஆட்டத்தை நிறுத்தி ஒரு புள்ளியைப் பிடித்தார். ஒர்டிஸுக்கு வெட்கமாகிவிட்டது, மேவெதரைக் கட்டிப்பிடித்து, கன்னத்தில் முத்தமே கொடுத்து மன்னிப்புக் கேட்டார். ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகும் இன்னொரு தடவை கட்டிப்பிடித்துவிட்டு, கைகளைத் தொங்கவிட்டபடி விலகினார். மேவெதரின் இடக்கை ஹூக் வந்து விழுந்தது. இது என்ன நியாயம் என்பதுபோல் ஒர்டிஸ் நடுவர் பக்கம் பார்த்தார். அடுத்து வலக்கை நேராக இறங்கியது, ஆள் எழுந்திருக்கவில்லை. எந்த நேரமும் உன்னைக் காத்துக்கொள்வது உன் பொறுப்பு என்று ஆட்டத்துக்கு முன் நடுவர் சொல்வது வழக்கம். மேவெதருக்காகப் பேசியவர்கள் எல்லோரும் அதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். விதிப்புத்தகம் அவர் பக்கம்தான். ஆனால் விதி அனுமதிப்பதெல்லாம் அறமாகிவிடுமா? கை தாழ்ந்தவனை அடிக்கலாமா?

நமக்குப் பழகிய கேள்விதான் இது. தேர்ச்சக்கரம் புதைந்து, அதைத் தூக்க இறங்கிய கர்ணன் சற்றுப் பொறுக்கச் சொல்கிறான். கண்ணன் அவனுடைய பழைய பாவங்களை வரிசையாக எடுத்து வைக்கிறான். அந்தப் பட்டியலை கவனித்துப் பார்த்தால், நிராயுதபாணியை அடிப்பது சரி என்று அவன் எங்கும் சொல்லவில்லை. அந்தச் சலுகையைக் கேட்கும் தகுதி உனக்கு இல்லை என்கிறான், அவ்வளவுதான். மறுபக்கம், முதல் நாள் போரில் எல்லாம் இழந்து நின்ற இராவணனை, போய்விட்டு மறுநாள் வரச் சொல்லி அனுப்புகிறான் இராமன். இதைப் பெருந்தன்மை என்றே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பெருந்தன்மை என்றால் செய்தால் புகழ், செய்யாவிட்டால் பழியில்லை என்றாகிவிடும். எனக்கு அது போதவில்லை. குத்துச்சண்டையைப் பொறுத்தவரையாவது அது கடமை என்றே நினைக்கிறேன்.

ஒருவன் மற்றவனின் முகத்தில் குத்துவது தெருவில் நடந்தால் குற்றம், மேடையில் நடந்தால் விளையாட்டு. வேறுபாடு சம்மதத்தில் இருக்கிறது என்பார்கள். சரி, அந்தச் சம்மதம் எங்கே இருக்கிறது? ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்தில் என்பது வக்கீல் பதில். இந்த ஆட்டம் தன் வரலாறு முழுக்க வேறு பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறது. 1743-இல் ஜாக் பிராட்டன் லண்டனில் வகுத்த விதிகளில் விழுந்தவனை அடிக்கக் கூடாது. 1838-இன் விதிகளில், விழுந்தவன் 30 விநாடி ஓய்வுக்குப் பின், மேலும் 8 விநாடிக்குள், யாரும் தாங்கிப் பிடிக்காமல் தானே நடந்து நடுக்கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் ஆட்டம் முடிந்தது. இன்றைக்கு, விழுந்து எழுந்தவனுக்கு நடுவர் எண்ணி முடித்ததும் செய்வதைப் பாருங்கள். எதிரே நின்று கண்ணுக்குள் பார்க்கிறார். கையைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார். இரண்டடி முன்னால் நடந்து வரச் சொல்கிறார். கை ஏறவில்லை என்றால் ஒப்பந்தத்தில் எத்தனை கையெழுத்து இருந்தும் பயனில்லை. இங்கே சம்மதம் ஒரு தடவை கொடுத்து முடிகிற பொருள் அல்ல. தூக்கி வைத்த கைகள்தாம் சம்மதம். கணத்துக்குக் கணம் அது புதுப்பிக்கப்படுகிறது.

அந்தக் கைகள் எதைக் காக்கின்றன? தாடையை நெஞ்சை நோக்கி இறக்கி, இடத்தோளை உயர்த்தி அதன் பின்னே ஒளித்து, வலக்கையைக் கன்னத்தோடு ஒட்டி, முழங்கைகளை விலாவில் அணைத்து, புருவத்துக்கடியிலிருந்து பார்ப்பது அடிப்படை நிலை. ஓட்டுக்குள் ஆமை ஒடுங்குவது போலத்தான். தாடை நுனியில் பக்கவாட்டில் விழும் குத்து தலையைச் சட்டென்று சுழற்றுகிறது, மண்டை சுழன்றுவிடுகிறது, உள்ளே மூளை ஒரு கணம் பிந்துகிறது, நினைவு தப்புகிறது. வேண்டும், வேண்டாம் என்று தீர்மானிக்கும் உறுப்பே இங்கே இலக்கு. கால்பந்தில் கால் உடைந்தவன் ‘போதும்’ என்று சொல்ல முடியும். இங்கே அடிபட்டவன் ‘இன்னும் முடியும்’ என்று சொன்னால், அதைச் சொல்வது அவனா, கலங்கிய மூளையா என்று யாருக்குத் தெரியும்?

முகமது அலி கையை இடுப்பளவில் தொங்கவிட்டே ஆடினாரே, அவரை அடித்தவர்களெல்லாம் பாவிகளா என்று கேட்கலாம். காப்பு என்பது கையின் உயரம் மட்டும் அல்ல. அலியின் காப்பு கண்ணிலும் காலிலும், பின்னுக்குச் சாயும் தலையிலும் இருந்தது. 1974-இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்துகொண்டு எதிராளி ஃபோர்மனை அடிக்கவிட்டபோதும் முன்கைகள் முகத்தை மறைத்தபடி இருந்தன, வாய்கூட ஓயவில்லை. போலிக்குத்து காட்டிக் கையை இறக்க வைப்பதும் இதே கணக்குத்தான்: ஏமாந்தவன் இங்கே இறக்கினாலும் அங்கே ஏற்றுகிறான், அவன் இன்னும் ஆட்டத்துக்குள் இருக்கிறான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அவன் உயிர், அவன் துணிச்சல், போதும் என்று சொல்ல நீ யார்? 1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில் 14 சுற்று முடிந்து முக்காலியில் உட்கார்ந்திருந்த ஜோ ஃப்ரேசியர் தொடரவே விரும்பினார். கண் வீங்கி மூடி, அலியின் வலக்கை வருவதே தெரியாத நிலை. பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் அவர் பேச்சைக் கேட்காமல் ஆட்டத்தை நிறுத்தினார். ஃப்ரேசியரின் விருப்பத்தை ஃபட்ச் மீறினார் என்பது உண்மை. ஆனால் பார்க்க முடியாத குத்தை எதிர்த்துக் கை தூக்குவது எப்படி? விருப்பம் இருந்தது, காப்பு இல்லை. இதற்கு நேர் எதிர், 1962 மார்ச் 24-இல் நியூயார்க்கில் நடந்தது. பன்னிரண்டாம் சுற்றில் பென்னி பரேட் மூலையில் மாட்டிக்கொண்டார், கைகள் சரிந்துவிட்டன, எமில் கிரிஃபித் குத்திக்கொண்டே இருந்தார். பரேட் விழுந்திருந்தால் எண்ணத் தொடங்கியிருப்பார்கள். மேடைக் கயிறு அவரை விழவிடவில்லை. நிற்கிற உடம்பைப் பார்த்து ஆள் இருக்கிறான் என்று எண்ணியதுபோல நடுவர் தாமதித்தார். பத்து நாள் கழித்து, ஏப்ரல் 3-இல், பரேட் இறந்தார்.

என் வாதம் ஓரிடத்தில் முட்டி நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1928-இலேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர், பழைய குத்துச்சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தையும் மந்தத்தையும் பற்றி எழுதினார். ஒரே அடியில் வருவதல்ல அது. காப்பு சரியாக இருக்கும்போதே சிறுகச் சிறுகச் சேர்வது. தலைக்கவசமும் விடையாகவில்லை: 1984 ஒலிம்பிக்கில் வந்த கவசம் 2016-இல் ஆண்களுக்கு எடுக்கப்பட்டது. கவசம் முகம் கிழிவதைக் குறைக்கும், உள்ளே மூளை சுழல்வதைத் தடுக்காது. அந்த மெதுவான சேதத்துக்கு எவனும் எந்தக் கணத்திலும் கை தூக்கிச் சம்மதம் சொல்வதில்லை. ஆட்டத்தையே தடை செய்யக் கேட்கும் மருத்துவர்களுக்கு இந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ஒற்றைக் குத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது தடையில்லை. ஒர்டிஸ் வாங்கிய முதல் குத்து அவருடைய அசட்டைக்குக் கிடைத்தது. ஆட்டம் தொடங்கிவிட்டது, கையை ஏற்றியிருக்க வேண்டும். இரண்டாவது அப்படியல்ல. அப்போது ஒர்டிஸ் அடித்தவரைத் திருப்பி அடிக்கவில்லை, நடுவரிடம் முறையிடும் பார்வையில் இருந்தார். ஏட்டில் அது நான்காம் சுற்று நாக்-அவுட் வெற்றி. என் கணக்கில் அந்த வலக்கை ஆட்டத்தில் சேர்த்தியில்லை.