பழைய மாதிரி இல்லை

மெட்டல் கேட்பவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் ஒரு வாக்கியம் கட்டாயம் காதில் விழும்: "முன்ன மாதிரி இல்ல மச்சி." மூன்றாவது ஆல்பத்தோடு அந்த பேண்ட் செத்துப்போச்சு, அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பேரை வைத்து ஓட்டுகிற வண்டி. சொல்பவர் குரலில் விமர்சகரின் நிதானம் இருக்காது. ஏமாற்றப்பட்டவரின் கோபம்தான் இருக்கும். ஓட்டலில் சாம்பார் ருசி மாறினால் வேறு ஓட்டலுக்குப் போய்விடுகிறோம். ஒரு பேண்ட் மாறினால் மட்டும் யாரோ நமக்குத் துரோகம் செய்துவிட்டதுபோல ஏன் பதறுகிறோம்? அப்படி அவர்கள் நமக்கு என்னதான் கடன்பட்டிருக்கிறார்கள்?

நான் பிழைப்புக்குச் செய்யும் மென்பொருள் வேலையில் இதற்குத் தெளிவான பதில் உண்டு. புது வெர்ஷன் வெளியிடும்போது, பழைய வெர்ஷனை நம்பிக் கட்டியவர்களின் வேலை நின்றுபோகக் கூடாது. பேக்வேர்ட் கம்பாட்டிபிலிட்டி என்போம். உடைத்தே ஆக வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ரசிகர்களும் மனதுக்குள் இப்படி ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஆனால் ஒரு செயலியை அப்டேட் செய்தால் பழையது காணாமல் போகும்; ஆல்பம் போகாது. 2005இல் வந்த பாட்டு அன்று ஒலித்ததுபோலவே இன்றும் ஒலிக்கிறது. போனது பாட்டில்லை, அதைக் கேட்ட பதினெட்டு வயசு. அதைத் திருப்பித் தரும் கடமை எந்த பேண்டுக்கும் கிடையாது.

அப்படியென்றால் எப்படி வேண்டுமானாலும் மாறலாமா? ஜப்பானில் 'சை' என்று ஒரு பேண்ட். நம்ம ஊர் 'ச்சை' இல்லை, ஆங்கிலத்தில் பெருமூச்சு. முதல் ஆல்பமான 'ஸ்கார்ன் டிஃபீட்' 1993இல் நார்வேயின் பிளாக் மெட்டல் வட்டத்தைச் சேர்ந்த ஒரு லேபிளில் வந்தது. 2001இல் 'இமேஜினரி சோனிக்ஸ்கேப்' வந்தபோது அந்த இருட்டுக்குள் எழுபதுகளின் ராக், பழைய கீபோர்டு, சம்பந்தமே இல்லாத வேறு சத்தங்களெல்லாம் புகுந்துவிட்டன. 2018இல் 'ஹெயர் டு டெஸ்பேர்' ஜப்பானிய மரபு வாத்தியங்கள் பக்கம் திரும்பியது. 2022இல் 'ஷிகி'. அந்தச் சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் நான்கு பருவங்கள் என்றும் பொருள், சாகும் வேளை என்றும் பொருள். இத்தனை தாவல்களுக்கு நடுவிலும் அவர்கள் ஒன்றை விடவில்லை. ஆல்பத் தலைப்புகளின் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் வரிசையாக எடுத்தால் எஸ், ஐ, ஜி, ஹெச் என்று பேண்டின் பெயரே திரும்பத் திரும்ப வரும். யாரும் கேட்காமல் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. ஒரு பேண்டின் அடையாளம் அதன் சத்தத்தைவிட, அது தனக்குத் தானே கொடுத்த வாக்கில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இதை நமக்கு நெருக்கமான ஓர் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். சிங்கப்பூரில் 1992இல் தமிழ் இளைஞர்கள் தொடங்கிய பேண்ட் 'ருத்ரா'. டெத் மெட்டலின் உறுமலோடு சமஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தத்தையும் சேர்த்தார்கள். அதற்கு 'வேத மெட்டல்' என்று பேர் வந்தது. பாடி, பேஸும் வாசிக்கும் கதிர் வேதாந்தம் படித்தவர்.

மெட்டல் நம்முடையதா என்ற கேள்வி உடனே எழும். கொட்டச்சேட்டில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டால் கொஞ்சம் சிரிப்பு வரும். இங்கே சேர்வராயன் மலைச் சரிவில் நிற்கும் காபிச் செடியின் பூர்வீகம் எத்தியோப்பியா. அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். அந்த மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி மட்டும்தான் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தப் பிள்ளை. மிளகின் காரத்தைச் சோதிப்பவர் யாரும் அது எந்த மரத்தில் ஏறியது என்று கேட்பதில்லை. பர்மிங்காமில் பிளாக் சாபத் 1970இல் நட்ட மரத்தில் சிங்கப்பூர்த் தமிழர்கள் என்ன கொடியை ஏற்றினார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தக் கேள்விக்கு லேசாகப் பதில் சொல்ல முடியாது. 2001இல் வந்த அவர்களின் இரண்டாவது ஆல்பத்தின் பெயர் 'தி ஆரியன் குருசேட்'. இங்கே தோட்ட வேலை பார்க்கும் என் நண்பர் ஒருவர் நல்ல மெட்டல் ரசிகர். "பேரைப் பார்த்ததுமே மூடி வெச்சிட்டேன். நம்ம ஊர்ல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு ஒரு தமிழனுக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியாமல் இருக்காது. 'ஆரிய' என்றால் மேன்மையான என்று ஒரு பழைய பொருள் உண்டு. புத்தர் சொன்ன நான்கு உண்மைகளைப் பாலி மொழியில் 'அரிய சச்ச' என்றே சொல்கிறார்கள். பேண்டும் அந்தப் பொருளைத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரு சொல்லின் பொருளை அதைப் பயன்படுத்துபவர் மட்டும் தீர்மானித்துவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அந்தச் சொல்லின் பேரால் நடந்ததும், பெரியார் பேசிய தமிழ்நாட்டில் அந்தச் சொல் எழுப்பும் நினைவும் அகராதியைவிடக் கனமானவை. போதாக்குறைக்கு, மெட்டல் உலகத்திலேயே நாஜிச் சாய்வுள்ள ஒரு கூட்டம் இருக்கிறது. பக்கத்தில் 'குருசேட்' வேறு, அதுவும் படையெடுப்பின் சொல். நண்பர் மூடி வைத்ததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அவர் 2001லேயே நின்றுவிட்டார். பேண்ட் நிற்கவில்லை. 2003இல் 'குருக்ஷேத்ரா'. போருக்குப் புறப்பட்ட அடுத்த ஆல்பமே, போர்க்களத்தில் வில்லைக் கீழே போட்டவனின் களத்துக்கு வந்து நிற்கிறது. பிறகு 2005, 2009, 2011 என்று 'பிரம்மவித்யா' வரிசையில் மூன்று ஆல்பங்கள்: 'பிரைமோர்டியல் ஐ', 'டிரான்சென்டென்டல் ஐ', 'இம்மார்டல் ஐ'. அந்த 'ஐ' ரோமன் எண்ணில் ஒன்று என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, அது 'நான்'. எதிரியைத் தேடிப் போனவர்கள் ஆறேழு வருஷம் 'நான்' யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2016இல் வந்த ஆல்பத்தின் பெயர் 'எனிமி ஆஃப் டுவாலிட்டி', இருமையின் எதிரி. எதிரி என்ற சொல் அப்படியே இருக்கிறது, ஆனால் அது இப்போது எந்த மனிதரையும் சுட்டவில்லை. நாம், அவர்கள் என்று பிரிக்கும் பிரிவினையையே சுட்டுகிறது. 2022இல் 'எய்ட் மகாவித்யாஸ்' என்று தேவியர் பக்கம் போய்விட்டார்கள். இந்தக் கோட்டை வரைந்தது நான்தான். அவர்கள் திட்டம் போட்டு இப்படி நடந்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனாலும் ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் இந்தக் கோடு தெரிகிறது.

"இரண்டில்லைன்னு பாடுறது சுலபம்," என்பார் நண்பர். உண்மைதான். அத்வைதம் பேசிய தேசத்தில்தான் தனிக் கிணறும் தனிச் சுடுகாடும் இருந்தன, இன்னும் இருக்கின்றன. இதைப் பற்றி வேதாந்த மரபே ஒரு கதை சொல்கிறது. காசியில் எதிரே வந்த சண்டாளரை விலகிப் போகச் சொன்னார் சங்கரர். "எதை விலகச் சொல்கிறாய், உடம்பையா, ஆத்மாவையா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். சங்கரர் வணங்கினார் என்கிறது கதை. வந்தவர் சிவனே என்று சொல்லி மரபு அந்தக் கேள்வியின் கூர்மையை மழுக்கியும் விடுகிறது. கேட்டவர் வெறும் மனிதராகவே இருந்திருந்தால்? அந்தக் கேள்வி எனக்கு எந்த மெட்டல் பாட்டைவிடவும் சத்தமாகக் கேட்கிறது. இருமையை எதிர்ப்பதாகச் சொல்லும் எந்தக் கலைஞரும் தெருவில் நின்று இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ருத்ரா சொல்லிவிட்டது என்று நான் தீர்ப்பு எழுத மாட்டேன். 2001இல் அவர்கள் கேட்காத கேள்விக்கு 2016இல் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள் என்று மட்டும் சொல்வேன்.

கலைஞர் நமக்குப் பட்ட கடன் பழைய சத்தம் அல்ல என்றால், அது இதுதான்: எடுத்துக்கொண்ட கேள்வியைப் பாதியில் விடாமல் இருப்பது, புதிய ஆல்பம் பழைய ஆல்பத்துக்கு முகம் கொடுத்துப் பேசுவது. எல்லா மாற்றமும் வளர்ச்சி ஆகாது. கேள்வியோடு தொடங்கி வெறுப்பில் போய் முடிந்த இசைக்காரர்கள் இந்த வகைமையிலேயே உண்டு. அங்கே "முன்ன மாதிரி இல்ல" என்பது புலம்பல் அல்ல, சரியான குற்றச்சாட்டு. சத்தம் மாறியதற்கும் திசை மாறியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்கக் காது மட்டும் போதாது, வரிசையாகக் கேட்கும் பொறுமையும் வேண்டும்.

நம் பக்கத்துக் கடனும் அந்தப் பொறுமைதான். ஒருவரை அவருடைய ஒரே ஒரு வருஷத்தில் ஆணியடித்து மாட்டாமல் இருப்பது. அதற்காக அந்த வருஷத்தை மறந்துவிடவும் வேண்டாம். மென்பொருளில் தவறான வரியைத் திருத்தினாலும் அது இருந்த வரலாறு அழியாது. யார், எப்போது எழுதினார், எப்போது மாற்றினார் என்று எல்லாம் பதிவில் நிற்கும். 'தி ஆரியன் குருசேட்' அந்தப் பெயரோடுதான் ருத்ராவின் வரிசையில் என்றைக்கும் இருக்கும், இருக்கவும் வேண்டும். நண்பரிடம் 2016 ஆல்பத்தைக் கொடுத்திருக்கிறேன். கேட்டுவிட்டு அவர் என்னோடு சண்டை போடட்டும். 2001ஐயும் சேர்த்துக் கேட்டுவிட்டுப் போட்டால் இன்னும் நல்லது.