திரும்பி வருவதாகச் சொன்னவர்கள்

ஸ்பானிய மொழியில் திரும்பி வருவதைக் குறிக்கும் வினை 'வொல்வெர்'. அதன் வாலில் 'ஈயா' சேர்ந்தால் 'வொல்வெரீயா'. பாடப்புத்தகங்கள் இதை நிபந்தனை வடிவம் என்கின்றன. கையில் பணம் மட்டும் இருந்தால் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்பது மாதிரியான பேச்சுக்கு அது வேண்டும். என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதன் இன்னொரு வேலை. 'திஹோ கெ வொல்வெரீயா': திரும்பி வருவதாகச் சொன்னான். சொன்ன நாள் போய்விட்டது. அந்த நாளில் அவன் கண்ணுக்குத் தெரிந்த எதிர்காலம் மட்டும் அந்த வினைக்குள் இருக்கிறது. பிறகு வந்தானா, வரவில்லையா? அதைப் பற்றி வினைக்கு ஒரு பேச்சும் இல்லை.

அந்த 'ஈயா' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் நெருக்கமாகிவிடுகிறது. லத்தீனில் முழு வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்ட ஒரு துணைவினையின் தேய்ந்த மிச்சம் அது. தேய்வதற்கு முன் அந்தக் கூட்டுக்கு 'திரும்ப வேண்டியிருந்தது' என்பதற்குப் பக்கத்தில் வருகிற பொருள். கடமையாக இருந்தது தேய்ந்து தேய்ந்து வாக்காகியிருக்கிறது.

இறந்தகாலத்துக்குப் பின்னால் வருவது என்ற பொருளில் இதற்கு 'போஸ்ப்ரெதேரிதோ' என்று பெயர் வைத்தவர் ஆந்த்ரேஸ் பெல்யோ. அவருடைய இலக்கண நூல் 1847ல் சிலியின் சாந்தியாகோவில் வெளிவந்தது. பெல்யோ பிறந்தது வெனிசுவேலாவின் கராகஸில். 1810ல் விடுதலை வீரர் சிமோன் பொலிவாரோடு லண்டனுக்குத் தூது போனார். பொலிவார் அந்த வருஷமே ஊர் திரும்பிவிட்டார். பெல்யோ 19 வருஷம் லண்டனில் இருந்து, 1829ல் சிலிக்குக் கப்பலேறி, 1865ல் அங்கேயே இறந்தார். கராகஸை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. இலக்கண நூலில் ஆசிரியரின் வாழ்க்கையைத் தேடக் கூடாதுதான். ஆனால் இது தெரிந்தபிறகு அந்தப் பெயரை வெறும் கலைச்சொல்லாக என்னால் வாசிக்க முடியவில்லை.

மெக்சிகோவில் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் பெல்யோ வைத்த பெயரில்தான் இதைப் படிக்கிறார்கள். அதே மெக்சிகோவின் வெராக்ரூஸ் துறைமுகத்தை 1939 ஜூன் 13 அன்று சினாயா என்ற கப்பல் அடைந்தது. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் தோற்ற சுமார் 1,600 ஸ்பானியர்கள் அதில் இருந்தார்கள். போரில் வென்ற சர்வாதிகாரி பிராங்கோ சீக்கிரம் விழுவார், திரும்பிவிடலாம் என்பதுதான் வந்தவர்களில் பலருடைய எண்ணம். 1945ல் உலகப்போர் முடிந்தபோது அந்த நம்பிக்கை உச்சத்துக்குப் போனது. பிராங்கோ விழவில்லை. 1975 நவம்பரில் படுக்கையில் இறந்தார். அதற்குள் 36 வருஷம். இதற்கிடையில் அவர்கள் மெக்சிகோ நகரத்தில் பள்ளிகள் நடத்தினார்கள், அச்சகங்கள் நடத்தினார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள்.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது நானும் அம்மாவிடம் சொன்னேன், ரெண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று. "சரி, பாத்துப் போ" என்றாள். அன்றைக்கு அது உண்மை. வேலையும் வீட்டுக்கடனும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பிறகு வந்தவை. இப்படிச் சொல்லிவிட்டு வேறெங்கோ வாழ்ந்து முடிப்பவர்களை வாக்குத் தவறியவர்கள் என்று உலகம் சுலபமாகச் சொல்லிவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொன்ன நாளின் உண்மையை, பின்னால் நடந்ததைக் கொண்டுவந்து அழிக்க யாருக்கும் உரிமை கிடையாது. அதே சமயம், திரும்பப் போகிறோமே என்று இருக்கிற ஊரில் ஒரு மரம்கூட நடாமல் இருப்பதும் சரியில்லை. அந்த அகதிகள் இரண்டையும் சேர்த்தே செய்தார்கள். அதனால்தான் அவர்கள்மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

அப்படி நாடுவிட்டு மெக்சிகோ வந்தவர்களில் திரும்பப் போய்ப் பார்த்தவர்களும் உண்டு. எழுத்தாளர் மாக்ஸ் அவுப் 30 வருஷத்துக்குப் பிறகு, 1969ல் ஸ்பெயினுக்குப் போனார். தான் விட்டுவந்த நாடு அங்கே இல்லை, இருந்த இளைஞர்களுக்குப் பழைய கதை தெரியவும் இல்லை, கேட்கவும் தோன்றவில்லை. அந்த ஆற்றாமையை ஒரு நாட்குறிப்பு நூலாக எழுதி, கண்ணாமூச்சி விளையாட்டின் ஸ்பானியப் பெயரை அதற்கு வைத்தார். 1972ல் மெக்சிகோவில் இறந்தார். உடம்பு போய்ச் சேர்ந்தால் திரும்புதல் முடிந்துவிடும் என்று நாம் எண்ணுவது எவ்வளவு பிசகு என்பதற்கு அந்தப் பயணத்தைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது.

'வொல்வெரீயா'வில் தன்மைக்கும் படர்க்கைக்கும் ஒரே வடிவம். நான், அவன் என்று எழுவாயைப் போடாவிட்டால் திரும்புவது யார் என்று தெரியாது. திரும்பி வருவதாகத் தாத்தா சொன்னார் என்றும் அதைப் படிக்கலாம். பேரனான நான் திரும்புவேன் என்று தாத்தா சொன்னார் என்றும் படிக்கலாம். இந்த இரண்டாவது வாசிப்பை மெய்யாக்குவதுபோல், 2007லும் 2022லும் ஸ்பெயின் இயற்றிய சட்டங்கள், நாடுவிட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் குடியுரிமை கேட்க வழி செய்தன. மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கியூபாவிலும் அவர்கள் தாத்தா பாட்டியின் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வரிசையில் நின்றார்கள். பாஸ்போர்ட் வாங்கிய பலர் எங்கும் போகவில்லை. பிறந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.