கால் மறக்காது

பலாபத்வலயில் விடியற்காலை ஏ9 வீதியோரமாக வெறுங்காலுடன் ஓடும் தங்கச்சி, கொஞ்சம் நில். தம்புள்ளை பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போகட்டும். இல்ல விளையாட்டுப் போட்டியில் கடைசி வளைவில் பிந்திவிட்டாய். அன்றிலிருந்து "எனக்கு ஓட்டம் சரிவராது" என்கிறாய். யார் சொன்னது சரிவராதென்று?

ஒருத்தியின் கதை சொல்கிறேன், கேள். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டம், கத்தக்குறிச்சி. அப்பா அம்மா செங்கல் சூளைத் தொழிலாளர்கள். குடிசைக்கு வெளியே மண்தரையில் 13 வயதுப் பேத்திக்கு ஓடச் சொல்லிக்கொடுத்தார் தாத்தா. அந்தப் பேத்திதான் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு, 800 மீட்டர். 2 நிமிடம் 3.16 விநாடி. கஸகஸ்தான் வீராங்கனையை 0.03 விநாடியில் முந்தி வெள்ளி! கண் சிமிட்டவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

சில நாளில் பாலினச் சோதனை என்றார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு பெண்ணின் உடம்பு ஊர் வாய்க்கெல்லாம் அவலானது. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. ஊர்ப்பக்கப் பிள்ளைகளைச் சேர்த்து ஓட்டம் பழக்கினார் சாந்தி. அதுவும் நிலைக்கவில்லை. 2012இல் அவர் நின்ற இடம் மறுபடியும் செங்கல் சூளை, நாட்கூலி 200 ரூபாய். இதோடு சரி என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். அவர் நினைக்கவில்லையே! முப்பதைத் தாண்டிய வயதில் பெங்களூர் போய்ப் பயிற்றுநர் டிப்ளோமா படித்தார். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்றுநர் ஆனார்.

பதக்கத்தைத் திருப்பிக் கேட்கலாம். முதல் சுற்றில் எவ்வளவு மூச்சை மிச்சம் வைப்பது, 600 மீட்டரில் தொடை கல்லாய் இறுகும்போது கையை எப்படி வீசுவது என்று அந்தக் கால்கள் படித்த பாடத்தை எவர் திருப்பிக் கேட்க முடியும்? அதைத்தான் சாந்தி பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

நீயும் வெறுங்கையாக நிற்கவில்லை, தங்கச்சி. அன்றைக்கு வளைவில் வெளிப்பக்கம் ஒதுங்கி ஓடினாய், தூரம் கூடிப்போனது, அவ்வளவுதான். நாளைக்கு வரும்போது பக்கத்து லயத்துச் சின்னவளையும் கூட்டிக்கொண்டு வா. மைதானத்தில் உள்கோட்டை ஒட்டி அவளை ஓடவிடு. நேரம் பார்க்க ஒரு பழைய போன் போதும்.